பூட்டின ஸ்கூல் கேட்டும் ஆறாயிரம் டாலரும்

1/ குழந்தைங்க ஓடி விளையாடணும்னு நாங்க டாக்டர்கள் சொல்லிட்டே இருக்கோம். எங்க விளையாடுறதுன்னு பெற்றோர் திருப்பிக் கேட்டா பதில் இல்லை. இதே கேள்விக்கு 1935-லேயே ஒரு ஊர் பதில் கண்டுபிடிச்சது. அந்தக் கதைதான் இந்தத் திரெட்.

2/ அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் 1908-ல் பிறந்தது இங்கேதான். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் பலருக்கு வேலை போச்சு. பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். சின்னச் சின்னக் குற்றங்கள், விபத்துகள் எல்லாம் ஊருக்குத் தலைவலி.

3/ ஃபிராங்க் மேன்லி, அந்த ஊர்ப் பள்ளிகளின் உடற்கல்விப் பொறுப்பாளர். 1935-ல் ரோட்டரி கிளப்பில் இதைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சார்லஸ் ஸ்டூவர்ட் மாட். ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய பங்குதாரர், ஊரின் முன்னாள் மேயர்.

4/ பையன்களுக்குன்னு தனியா ஒரு கிளப் கட்டலாமா என்பது மாட்டின் யோசனை. எதுக்குப் புதுசா கட்டணும் என்பது மேன்லியின் பதில். ஜிம், மைதானம் எல்லாம் ஸ்கூல்லயே இருக்கு. மணி அடிச்சதும் பூட்டிடுறோம், அவ்வளவுதான்.

5/ மாட் 6,000 டாலர் கொடுத்தார். 5 பள்ளிகள் மாலையிலும் திறந்தன. செங்கல், சிமென்ட்டுக்கு அந்தப் பணம் போகலை. பிள்ளைகளை விளையாட வைக்கிற வேலைக்குப் போச்சு.

6/ பிள்ளைகள் பின்னாடியே பெரியவங்களும் வந்தாங்க. மாலை வகுப்புகள், தொழிற்பயிற்சி, உடல்நலத் திட்டங்கள் எல்லாம் சேர்ந்தன. இதைப் பார்த்துப் படிக்கவே வெளியூர்க்காரங்க ஃபிளின்ட் வந்தாங்க. 1974-ல் அமெரிக்க அரசே சமூகப் பள்ளிகளுக்குச் சட்டம் போட்டது.

7/ ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஃபிளின்ட்டில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். அந்தந்தப் பகுதிக்கு அந்தந்தப் பள்ளின்னு ஆனதும் பிரிவினைக் கோடு இன்னும் அழுத்தமாச்சு. கதவு திறந்திருந்தது, ஆனா எல்லாருக்கும் எல்லாக் கதவும் திறக்கலை. வரலாற்றாய்வாளர்கள் வைக்கிற இந்த விமர்சனம் நியாயமானது.

8/ பின்னாளில் ஆலைகள் மூடின. 1960-ல் சுமார் 1,97,000 ஆக இருந்த மக்கள்தொகை 2020-ல் சுமார் 81,000. பள்ளிகளும் ஒவ்வொண்ணா மூடின. பழம்பெரும் ஃபிளின்ட் சென்ட்ரல் ஹைஸ்கூல் 2009-ல் மூடப்பட்டது. மாலையில் திறக்கணும்னா முதல்ல பகலில் ஸ்கூல் உயிரோட இருக்கணும்ல?

9/ 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியா 60 நிமிஷ உடலுழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுக்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடையாது, இடம்தான் வேணும்.

10/ உங்க ஊர் ஸ்கூல் மைதானத்தைத் திறக்கச் சொல்லி மனு எழுதுறீங்களா? இந்த நாலுக்கும் பதிலைச் சேர்த்தே எழுதுங்க. சாவி யார் கையில்? லைட்டுக்கும் காவலுக்கும் யார் காசு? பிள்ளை விழுந்து அடிபட்டா யார் பொறுப்பு? உள்ளே வர யாராவது தயங்குறாங்களா?

 நாலாவதில் ஃபிளின்ட் சறுக்கியது.