நினைவிலிருந்து வந்த வெயில்

ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் யான் போத் 1650ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய பெரிய இத்தாலிய நிலக்காட்சி ஒன்று உள்ளது. முன்புறப் பாறைகளும் புதர்களும் குளிர்ந்த நிழலில் கிடக்கின்றன. உயர்ந்து மெலிந்த மரங்களின் இலை விளிம்புகளைச் சாய்ந்த வெயில் பொன்னாக்குகிறது. அப்பால் செல்லச் செல்ல நிறங்கள் வெளிறி, மலைகள் மெல்லிய புகைபோலக் கரைகின்றன. இந்த வெளிறலே அந்தத் துணிக்குள் இத்தனை காத தூரத்தை அடைத்து வைத்திருக்கிறது. மனிதர்களோ மிகச் சிறியவர்கள். அவர்களுள் ஒருவர் அமர்ந்து வரைந்துகொண்டிருக்கும் ஓவியர்.

இதைத் தீட்டியபோது யான் போத் இத்தாலியில் இல்லை. மலையே காணாத, மேகம் கவிந்த தம் சொந்த ஊரான உத்ரெக்டில் இருந்தார்.

1630களில் அவரும் அண்ணன் அந்திரியாசும் உரோமைக்குச் சென்று ஒன்றாகக் குடியிருந்தனர். அண்ணன் இரவலரையும் தெருமக்களையும் வரைந்தார். தம்பியை ஈர்த்தது ஒளி. ஒளியைத் தீட்டுவதில் இணையற்ற குளோத் லொரேனோடு, ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் மத்ரித் அரண்மனைக்கான படங்களில் அவரும் பங்குகொண்டார். திருத்தொண்டர் பிலிப்பு எத்தியோப்பிய அரசியின் அலுவலருக்குத் திருமுழுக்கு அளித்த நிகழ்ச்சி அவற்றுள் ஒன்று. இன்று அது பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளது. திருத்தூதர் பணிகள் நூல் சொல்லும் அந்தப் பாலைநிலப் பாதை அங்கே பசுமையான இத்தாலியாக மாறிவிட்டது! அக்காலத்தார் அதைக் குறையாகக் கருதவில்லை.

1642இல் வெனிஸ் நகரில், இரவு விருந்தொன்றிலிருந்து திரும்புகையில் அந்திரியாஸ் வாய்க்காலில் தவறி விழுந்து மாண்டார். யான் தனியே ஊர் திரும்பினார்.

அதன்பின் 1652இல் இறக்கும்வரை அவர் திரும்பத் திரும்பத் தீட்டியது அந்த இத்தாலிய வெயிலைத்தான். இதை அண்ணனுக்கான துயரம் என்று சொல்லிவிட மனம் விழைகிறது, ஆயினும் அவசரப்படலாகாது. அத்தகைய படங்களை விரும்பி வாங்கச் செல்வர்கள் இருந்தனர். ஓவியரும் பிழைக்க வேண்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டினர் இவ்வகைப் படங்களை அந்நியச் சாயல் என்று இகழ்ந்தனர். 1965இல் உத்ரெக்டில் நடந்த கண்காட்சிக்குப் பின்னரே அவற்றின் மதிப்பு மீண்டது.

எனினும் அப்படங்களில் புயல் இல்லை, இடிபாட்டின் அச்சமில்லை. கோவேறு கழுதைகளோடு வழிப்போக்கர் நடக்கின்றனர். பொழுது சாயப்போகிறது, இன்னும் சாயவில்லை. ஆம்ஸ்டர்டாம் படத்திலுள்ள அந்தச் சிறிய ஓவியரும் அதே வெயிலில் அமர்ந்து வரைந்துகொண்டே இருக்கிறார்.