அடுப்பைத் தொடாத சனிக்கிழமை

அமெரிக்கர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ‘பாட் ரோஸ்ட்’ என்றொரு அயிட்டம் உண்டு. பெயரிலேயே ஒரு பொய்! ரோஸ்ட் என்றால் நெருப்பில் வாட்டியது என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. மூடிய பாத்திரத்துக்குள், கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரில், மணிக்கணக்காக வேகிற மாட்டிறைச்சி அது. கூடவே கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம்.

இதற்கு உசத்தியான கறி தேவையில்லை. போட்டால் வறண்டு சக்கையாகிவிடும். மாடு நாள் முழுக்க நடந்து, மேய்ந்து உழைக்கிற தோள்பட்டைக் கறிதான் இதற்கு ராஜா. அதைச் சும்மா வறுத்துத் தின்றால் செருப்பைக் கடித்த மாதிரி இருக்கும். காரணம், தசைகளைக் கட்டிப்போட்டிருக்கும் கொலாஜன். 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல், ஈரமான சூட்டில் மூன்று, நாலு மணி நேரம் கிடந்தால் அது இளகி ஜெலட்டினாக மாறிவிடும். ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே... அதே சமாசாரம்தான்.

ஆக, கணக்கு ரொம்ப சிம்பிள். காசு இருக்கிறவன் மெத்தென்ற கறி வாங்கிப் பத்தே நிமிஷத்தில் சமைத்துச் சாப்பிடுவான். இல்லாதவன் மலிவான கறி வாங்கி, பாக்கியை நேரமாகக் கட்டுவான். அந்த நேரம் யாருடையது? பெரும்பாலும், அடுப்படியில் நின்ற பெண்ணுடையது. எந்தப் பேரேட்டிலும் ஏறாத செலவு அது.

பக்கத்தில் ஆள் நிற்காமலே பானை வேகுமா? வேகும் என்று காட்டியது, லிதுவேனியாவில் ஒரு பேக்கரி அடுப்பு.

வில்னா. இன்றைய வில்னியஸ். ‘லிதுவேனியாவின் ஜெருசலேம்’ என்று யூதர்கள் கொண்டாடிய ஊர். யூத மதச் சட்டப்படி வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை ஓய்வுநாள். நெருப்பு மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது. ஆனால், சூடாகச் சாப்பிடலாம்! எப்படி? கறி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஒரு பானையில் போட்டு மூடி, பேக்கரியில் கொடுத்துவிடுவார்கள். ரொட்டி சுட்டு முடித்த அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே ராத்திரி முழுக்க அது வேகும். மறுநாள் ஜெபக்கூடத்திலிருந்து திரும்பும்போது எடுத்துக்கொண்டால் ‘சோலண்ட்’ ரெடி.

அப்படிப் பானை தூக்கிக்கொண்டு போன ஒரு சிறுமி, தமாரா. பிற்பாடு அமெரிக்காவில் குடியேறினார். அவர் மகன் இர்விங் நாக்சன், 1902-ல் பிறந்தவர், மின் பொறியாளர். அம்மா சொன்ன பேக்கரிக் கதை அவர் மண்டையில் வேறு மாதிரி வேலை செய்தது. இதற்கு எதற்கு அவ்வளவு பெரிய அடுப்பு? பானையைச் சுற்றிலும் மெல்லிய மின்சூடு கிடைத்தால் போதாதா? 1936-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940 ஜனவரியில் கிடைத்தது.

அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள், 1941 ஜூனில், ஹிட்லரின் படை வில்னாவுக்குள் நுழைந்தது. ஊருக்கு வெளியே போனாரி காட்டில் சுமார் 70,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பானை கொடுத்தனுப்பிய தாய்மார்கள், பேக்கரிக்காரர்கள், ஜெபக்கூடத்திலிருந்து வீடு திரும்பும் கூட்டம்... அந்த வாழ்க்கையே துடைத்தெறியப்பட்டது. அதன் சமையல் தந்திரம் மட்டும் அட்லாண்டிக்கின் மறுகரையில், ஒரு காப்புரிமைக் காகிதத்தில் பிழைத்துக் கிடந்தது.

நாக்சனின் கருவி ஒன்றும் ஓஹோவென்று ஓடவில்லை. சின்னச் சின்ன ஓட்டல்களில் பீன்ஸ் வேகவைக்க வாங்கினார்கள். 1970-ல் கன்சாஸ் சிட்டியின் ரைவல் கம்பெனி அவருடைய தொழிலையே வாங்கியது. பீன்ஸ் மட்டுமென்ன, இதில் கறியும் பிரமாதமாக வேகிறதே என்று அவர்களுடைய சோதனைச் சமையலறை கண்டுபிடித்துச் சொல்ல, 1971-ல் ‘கிராக்-பாட்’ என்ற புதுப் பெயரில் கடைக்கு வந்தது. அந்த வருஷ விற்பனை 20 லட்சம் டாலர். 1975-ல்? 9 கோடியே 30 லட்சம்!

ஏன் இந்தப் பாய்ச்சல்? 1970-ல் அமெரிக்காவில் 100 பெண்களில் 43 பேர் வேலைச் சந்தையில் இருந்தார்கள். 1980-ல் 51 பேர். காலையில் கிளம்பிப் போய்விட்டு, சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தால் சாப்பாடு. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

செய்முறையும் அதற்கேற்ற மாதிரிதான். அடியில் கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம். இந்த மிதமான சூட்டில் கறியைவிடக் கிழங்குதான் மெதுவாக வேகும் என்பதால் அதற்கு அடிவரிசை. ஒன்றரைக் கிலோ தோள்பட்டைக் கறியை உப்பு, மிளகு தடவி, வாணலியில் நாலு பக்கமும் சிவக்க வறுத்து மேலே வைக்க வேண்டும். ஒரு கப் எலும்பு சூப் ஊற்றி மூடி, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது. சூடு போய்விடும்.

வில்னாவின் ஓய்வுநாள் சட்டம் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தானே? தொடாதே, பானை பார்த்துக்கொள்ளும்!

எட்டு மணி நேரத்தைப் பானை பார்த்துக்கொள்கிறது, சரி. விடிகாலையில் எழுந்து கேரட் நறுக்கி, கறியை வறுத்து வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவது யார்? அந்தக் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.