எதிரி நாட்டு வாப்பாவின் சாட்சி



பல்லேபொலயில் மழையும் மூடுபனியுமாக இருந்த ஒரு நாள், வகுப்பில் 1971ஆம் ஆண்டைப் பற்றிப் பேச நேர்ந்தது. பங்களாதேஷ் பிறந்த கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், அந்த யுத்தத்தில தோத்தது நம்மட ஆக்கள்தானே?"

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. கொல்லப்பட்ட வங்காளிகளில் ஏராளமானோர் முஸ்லிம்கள். கொன்ற படையும் முஸ்லிம் படைதான். இதில் "நம்மட ஆக்கள்" யார்? அந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை வழியாகப் பதில் சொல்லலாம் என்று நினைத்தோம். அவர் மறைந்தது ஜூன் 27ஆம் திகதி. அவர் பெயர் சாம் மானெக்ஷா. 94 வருடம் வாழ்ந்த பார்சி சமயத்தவர். 1971இல் இந்தியத் தரைப்படையின் தளபதி.

அவர் 1914 ஏப்ரல் 3ஆம் திகதி அமிர்தசரஸில் பிறந்தார். தகப்பன் ஒரு வைத்தியர். தானும் வைத்தியம் படிக்க லண்டன் போக வேண்டும் என்று கேட்டார் மகன். தகப்பன் விடவில்லை. அந்தக் கோபத்தில் 1932இல் டேராடூன் இராணுவக் கல்லூரியின் முதல் தொகுதியில் போய்ச் சேர்ந்தார்.

1942 பெப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் ஜப்பானியரின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. பிழைக்க மாட்டார் என்று நினைத்த ஜெனரல் கோவன், தன் சட்டையில் இருந்த வீரப் பதக்கத்தைக் கழற்றி அந்த இடத்திலேயே அவருக்குக் குத்திவிட்டார். இறந்தவருக்கு அந்தப் பதக்கம் கிடைக்காது என்பதுதான் காரணம். அவரைக் களத்திலிருந்து சுமந்து சென்று காப்பாற்றியவர் அவருடைய சீக்கிய உதவியாள். அதே பர்மாப் போரை நடத்திய மவுண்ட்பேட்டனின் தலைமையகம் 1944 முதல் நம் பேராதனைப் பூந்தோட்டத்தில் இருந்தது. நாம் எத்தனை தடவை அந்த இடத்தைக் கடந்திருப்போம்!

இனி 1971. மார்ச் 25ஆம் திகதி இரவு டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் சொந்த மக்கள் மீதே பாய்ந்தது. இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி உடனே படையெடுக்க முடியுமா என்று கேட்டார். மானெக்ஷா முகத்துக்கு நேரே முடியாது என்றார். மழைக்காலம் வருகிறது, படை தயாராக இல்லை, இப்போது போனால் தோல்விதான், விருப்பமில்லையென்றால் பதவி விலகுகிறேன் என்றும் சொன்னார். பிரதமர் காத்திருந்தார். டிசம்பர் 3ஆம் திகதி தொடங்கிய போர் 16ஆம் திகதி டாக்காவில் சரணடைவோடு முடிந்தது. அந்தச் சரணை ஏற்கும் பெருமையைக்கூட அவர் தனக்கு எடுக்கவில்லை. கிழக்குக் கட்டளைத் தளபதி அரோராவின் வேலை அது என்று விட்டுவிட்டார்.

நம் நாடும் அந்தக் கதையில் இருக்கிறது. இந்தியா தன் வான்வழியை அடைத்தபோது, பாகிஸ்தான் விமானங்கள் கிழக்குக்கும் மேற்குக்கும் பறக்கும் வழியில் எரிபொருள் நிரப்பியது கட்டுநாயக்கவில்தான்.

சிறைப்பட்டவர்கள் ஏறத்தாழ 93,000 பேர். அவர்கள் எல்லோரும் ஊர் திரும்ப 1974 ஆகிவிட்டது. அது அரசியல். ஆனால் முகாமுக்குள் அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதில் தளபதிக்குப் பங்கு இருந்தது. போருக்குப் பிறகு பேச்சுவார்த்தைக்காக அவர் லாகூர் போனார். விருந்து முடிந்து, ஆளுநர் மாளிகை ஊழியர்கள் வரிசையாக நின்று அவரைச் சந்தித்தார்கள். அதில் ஒருவர் தன் தலைப்பாகையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தார். தன் ஐந்து பிள்ளைகளும் இந்தியாவில் கைதிகள் என்றார். அவர்களுக்கு ஓத குர்ஆன் கொடுத்திருக்கிறார்கள், படுக்கக் கட்டில் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் சிப்பாய்களோ தரையில் படுக்கிறார்களாம், பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள் என்றார். இந்துக்கள் கெட்டவர்கள் என்று இனி யார் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்றார். மானெக்ஷா பின்னாளில் தானே சொன்ன சம்பவம் இது.

சிறைப்பட்டவருக்கு உணவளிப்பவர்களை அல்குர்ஆன் புகழ்கிறது. பத்ருக் கைதிகளில் எழுத்தறிந்தவர்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்து விடுதலை பெற்றதை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அந்தப் பண்பை வேறொரு மார்க்கத்தவரிடம் காணும்போது ஒத்துக்கொள்வதற்கு நமக்கு மனம் வேண்டும்.

வீட்டிலும் அவர் நல்ல மனிதர். மனைவி சில்லூவை லாகூரில் ஒரு விருந்தில் சந்தித்து 1939இல் கல்யாணம் முடித்தார். ஷெர்ரி, மாயா என்று இரண்டு பெண் பிள்ளைகள். 1973இல் பீல்ட் மார்ஷல் பட்டத்தோடு பதவியை விட்டதும், தமிழ்நாட்டின் குன்னூரில் வீடு கட்டிக் குடியேறினார். நம் மலைநாட்டைப் போலவே தேயிலையும் குளிருமான ஊர். அங்கே தோட்டம், பேரப்பிள்ளைகள், அயலவர் என்று முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். 2001இல் சில்லூ காலமானார். 62 வருடத்தை எட்டவிருந்த குடும்ப வாழ்க்கை அது.

பீல்ட் மார்ஷலுக்கு ஓய்வு என்பதே இல்லை, முழுச் சம்பளம் சாகும்வரை உரியது. ஆனால் அவருக்குப் பல வருடங்களாக அது கிடைக்கவில்லை. 2007இல் வெலிங்டன் இராணுவ ஆஸ்பத்திரியில் அவரை நலம் விசாரிக்கப் போனவர் ஜனாதிபதி அப்துல் கலாம், நம் கடலுக்கு அக்கரையில் இராமேஸ்வரத்தில் பிறந்த பிள்ளை. அதன் பிறகுதான் ஒரு கோடி ரூபாவுக்கு மேலான நிலுவை அவர் கைக்கு வந்தது. அடுத்த வருடம், 2008 ஜூன் 27இல், அதே ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. ஊட்டி பார்சி மயானத்தில் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்நாட்டின் ஜனாதிபதியோ பிரதமரோ பாதுகாப்பு அமைச்சரோ அடக்கத்துக்கு வரவில்லை.

பிள்ளையின் கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "மகன், அநியாயம் செய்தவன் நம்மட பேரோட இருந்தாலும் நம்மட ஆள் இல்ல. அந்த ஐந்து பிள்ளைகள்ட வாப்பாவுக்கு யார் நல்லவர் என்டு விளங்கிச்சு. நமக்கும் விளங்கோணும்."

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் ஊரிலும் பென்ஷன் எடுக்க வரிசையில் நிற்கும் பழைய சிப்பாய்கள், பொலிஸ்காரர்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும்தான். ஜனாஸாவுக்கும் மலர்ச்சாலைக்கும் போகுமட்டும் காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே ஒருவரின் வீட்டுப் படியேறி, ஒரு பிளேன்டி குடித்து, அவர் கதையைக் கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.