படிகாரமும் சுண்ணாம்பும் தண்ணீரைத் திருத்திய வரலாறு



கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, உப்பும் கரிக்கவில்லை, அப்புறம் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். புளோரைடு என்ற உப்புக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. பாறைக்குள்ளிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால், வளரும் பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். அளவு மிகவும் கூடின நீரைப் பல வருஷம் குடித்தால் முதுகும் மூட்டும் விறைத்துப் போகும். விறைத்த எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. தண்ணீரைத் திருத்துவது ஒன்றே வழி.

இந்தக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கவே 30 வருஷம் ஆயிற்று. 1901-ல் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குத் தொழில் செய்ய வந்த மெக்கே என்ற பல் டாக்டர், அங்கே பலருடைய பல்லிலும் ஒரே மாதிரி கறை இருப்பதைக் கண்டு காரணம் தேடத் தொடங்கினார். 1931-ல்தான் சர்ச்சில் என்ற ரசாயன அறிஞர் விடை சொன்னார். அலுமினியத் தாது எடுக்கும் பாக்சைட் என்ற ஊரின் நீரில் லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் புளோரைடு இருந்தது!

நம் பக்கத்துக் கதை ஏர் மாட்டிலிருந்து தொடங்குகிறது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், 1930-களில் உழவு மாடுகள் நடக்க முடியாமல் முடங்கின. முதலில் கவனித்தவர்கள் உங்களைப் போன்ற விவசாயிகள்தான். பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர், மனிதருக்கும் எலும்பு முடக்கம் வருவது தண்ணீரிலுள்ள புளோரைடால்தான் என்று 1937-ல் எழுதி வெளியிட்டார்கள்.

நோய் தெரிந்துவிட்டது; ஏழைக் கிராமத்துக்கு ஏற்ற பரிகாரம் வேண்டாமா? அதை 1970-களில் தந்தது, நாகபுரியில் உள்ள 'நீரி' என்ற ஆராய்ச்சி நிலையம். அந்த முறைக்கு நல்கொண்டா முறை என்று பெயர். நல்கொண்டா, இன்றைய தெலங்கானாவில் இந்த நோயால் மிகவும் அடிபட்ட மாவட்டம்.

சரக்கு எல்லாம் நமக்குப் பழகினதுதான். படிகாரம், சுண்ணாம்பு, கிருமிக்கு பிளீச்சிங் பவுடர். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. சுண்ணாம்போடு சேர்ந்து அது தண்ணீரில் பஞ்சு பஞ்சாகத் திரளும். அந்தத் திரள் புளோரைடைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். பத்து நிமிஷம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி எடுக்க வேண்டும். சுண்ணாம்பு, படிகாரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும்.

கலங்கல் தெளியப் பாட்டிமார் படிகாரக் கட்டியை நாலு சுற்று சுற்றுவார்களே, அது இதற்குப் போதாது. லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் தேவைப்படும். எவ்வளவு என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். குறைந்தால் புளோரைடு நிற்கும். கூடினால் அலுமினியம் தண்ணீரிலேயே தங்கும். கண்ணளவு இங்கே உதவாது. அடியில் தங்கின வண்டலை மாடு குடிக்கிற இடத்திலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள்.

பாக்சைட்டிலிருந்து செய்யும் அலுமினா மணிகள் வழியாக நீரை வடிப்பது இன்னொரு முறை. எந்தத் தாதுவின் ஊரில் குற்றம் வெளிப்பட்டதோ, அந்தத் தாதுவே மருந்தும் ஆயிற்று! ஆனால் மணிகளுக்குப் பிடிக்கும் சக்தி தீர்ந்ததும் அவற்றை மருந்திட்டுப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் வடிகட்டி இருந்தும் பயனில்லை.

ஆற்று நீர் கிடைத்தால் அதுவே மேல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் திட்டம் இதற்காகவே வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் ஆற்று நீர் வந்தும், ருசிக்காக போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் யோசிக்க வேண்டும். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

மண்ணைப் பரிசோதித்து உரம் போடுகிறோம். அதுபோலக் குடிக்கிற கிணற்று நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். முடிவு தெரிந்த பிறகு படிகாரம் வாங்கலாம்.