வேலை கிடைத்த வேகம்: சுங்கை சிப்புட்டும் யாழ்ப்பாணமும்

பட்டம் வாங்கி எத்தனை மாதத்தில் வேலை கிடைத்தது? இந்தக் கேள்வியை மட்டும் வைத்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டையும் இலங்கையின் யாழ்ப்பாணத்தையும் ஒப்பிட்டால், பேராக் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் தோன்றும். எனக்கு அதில் சந்தேகம் உண்டு.

1960களில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில், லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கம்பார், தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகங்களில் பட்டம் முடிக்கிறார்கள். பலருக்குப் பட்டத்தோடு, 1997இல் வந்த பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனும் சேர்ந்தே வருகிறது. கடன்காரனுக்குக் காத்திருக்க ஏது நேரம்? ஈப்போவில் நல்ல வேலை என்று விண்ணப்பிக்கப் போனால், மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஒரு வரி பல விளம்பரங்களில் வழிமறிக்கும். சிபாரிசு செய்யவும் ஆள் இருக்காது. பினாங்கு ஆலையோ, சிங்கப்பூரோ, மோட்டார்சைக்கிளில் கிராப் நிறுவனத்தின் உணவு விநியோகப் பையோ, எது முதலில் அமைகிறதோ அதுதான் வேலை. வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு உழைத்தாலே வேலையில் இருப்பவர் என்பது உலக வழக்கிலுள்ள புள்ளிவிவரக் கணக்கு. பொறியியல் படித்தவர் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்தக் கணக்கில் குறையில்லை.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. 1940களிலேயே கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணக் கடன் இல்லை. ஆனால் 2009 வரை நீடித்த போர் வடக்கில் தொழிற்சாலைகளை விட்டுவைக்கவில்லை. தனியார் நிறுவனங்கள் கொழும்பைச் சுற்றியே இருக்கின்றன. எஞ்சியது அரசு வேலை. அதையும் அரசு நினைத்தபோது தொகுதி தொகுதியாகத்தான் தரும். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியோரம் உட்கார்ந்தார்கள். அவர்களும் சும்மா இருப்பவர்கள் அல்லர். டியூஷன் வகுப்பில் பாடம் எடுப்பவரும் தன்னை 'வேலையற்ற பட்டதாரி' என்றே சொல்லிக்கொள்வார்.

காத்திருப்பது சோம்பல் இல்லை என்பதற்கு 2020 சாட்சி. மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் சுமார் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்க்க இலங்கை அரசு முன்வந்தது. தனியார் வேலையில் முதலாளியும் பங்கு செலுத்தும் ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்தவர்கள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் என்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். மேன்முறையீடு, போராட்டம் எல்லாம் பிறகு நடந்தன. எங்கேயோ சில மாதம் கணக்கெழுதிய பாவத்துக்குத் தண்டனை! தனியார் வேலை கிடைத்தாலும் வேண்டாம் என்று ஒதுங்கியவர்தான் விவரமானவர் என்றாயிற்று.

பேராக்கில் இதே போன்ற மலேசியச் சேமநிதியான இபிஎஃப்புக்கு நேர்மாறான மதிப்பு. இபிஎஃப் பிடிக்கிற வேலை என்றால்தான் பெண் வீட்டாருக்கும் வீட்டுக்கடன் தரும் வங்கிக்கும் அது வேலை. உணவுப் பை சுமக்கும் பட்டதாரிக்கு முதலாளி பங்கு போடும் அந்தக் கணக்கு கிடையாது. அவரைச் சீக்கிரம் வேலை கிடைத்தவர் என்றும், டியூஷன் ஆசிரியரைத் தாமதமானவர் என்றும் ஒரே அட்டவணையில் எழுதுவது சரியில்லை. மாதத்தை எண்ணுவதைவிட, மூன்றாம் ஆண்டில் இருவரும் படித்த படிப்புக்கேற்ற வேலையில் இருக்கிறார்களா என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் பேராக்கின் முன்னிலை நிறையவே சுருங்கும் என்பது என் கணிப்பு. யாழ்ப்பாணத்துக்கும் அது சாதகமாக முடியாது: 2022இல் கஜானா வற்றியதும் அரசு ஆள்சேர்ப்பையே நிறுத்திவிட்டது.