கல் வந்த கரை

திருவொற்றியூர் பக்கம் கடலோரமாகப் போனவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் மணலே கிடையாது. கருங்கல், கருங்கல், கருங்கல்! ஆதிகாலப் பாறைக் கரை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அத்தனையும் லாரியில் வந்து இறங்கிய கல்.

யாருக்கு நஷ்டமோ, ஒரு ஜீவனுக்கு இது லாபம். பெயர் லிம்பெட். சின்னக் கூம்புத் தொப்பி மாதிரி ஓடு, உள்ளே ஒரு கடல் நத்தை. மணலில் அதற்குப் பிழைப்பில்லை. ஒட்டிக்கொள்ளக் கெட்டியான கல், மேய அதன் மேல் பாசி, அவ்வப்போது நனைக்க அலை... இவ்வளவும் வேண்டும். தண்ணீர் வடிந்தால் கல்லோடு இறுக ஒட்டி, உள்ளே ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். இதில் பல இனங்கள் மேய்ந்துவிட்டு அதே பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும்! வால்டேர் பாறைகளில் இவற்றை ஆராய்ந்தவர்கள், கல்லில் எந்த உயரத்தில் குடியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஓட்டின் வடிவமே மாறுகிறது என்று 1971-ல் எழுதினார்கள்.

வால்டேரில் பாறை இயற்கை. சென்னையிலிருந்து பழவேற்காடு வரை நமக்கு இயற்கை கொடுத்தது மணல்தான். அப்புறம் கல் எப்படி வந்தது?

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டிய மாதிரி சுவர்கள். 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அவற்றைச் சிதைத்தது. விடவில்லை, மறுபடி கட்டினார்கள்.

நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை வழிமறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே? பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. முதலே கரைந்தது! ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குப்பங்களின் மணலும் வீடுகளும் கடலுக்குள் போயின. தடுக்கக் கல் கொட்டினார்கள். அந்த இடம் தப்பியது, வடக்கே அடுத்த குப்பம் மாட்டிக்கொண்டது. அங்கேயும் கல்!

2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. பிறகு காட்டுப்பள்ளி. இரண்டுக்கும் நீளமான கல் சுவர்கள். பழைய கணக்குதான், வடக்கே நகர்ந்து எழுதப்பட்டது. அடுத்து இருப்பது, டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய பழவேற்காடு.

மீனவனும் லிம்பெட் மாதிரிதான். கடலுக்குப் போனவன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பணும். ஆனால் படகை இழுத்து ஏற்ற, வலை உலர்த்த, மீனைக் காயவைக்க அவனுக்கு மணல் வேண்டும். கல்லில் அவனால் ஒட்டிக்கொள்ள முடியாது.