வக்ஃபைக் காக்கும் ஏடுகள்

கடனையே எழுதிவைக்குமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் பணிக்கின்றது. அவ்வாறெனில் வக்ஃபுக்கு எழுத்துச் சான்று எத்துணை அவசியம்!

சந்ததியார் நலனுக்கான வக்ஃப் ஒன்றைச் செல்லாதென 1894இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. மௌலானா ஷிப்லி நுஃமானி ஃபிக்ஹு நூல்களின் சான்றுகளைக் கொண்டு வாதாடினார். ஜின்னா கொணர்ந்த மசோதா 1913இல் சட்டமாகி, அவ்வுரிமை மீண்டது.

அத்தகைய ஏடுகள் நம் சென்னையிலும் உள்ளன. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடெங்கும் வெளியாகும் நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பழைய அரசாணைகளையும் அரசிதழ்களையும் காத்துவருகின்றது. வக்ஃபுப் பட்டியல் அரசிதழில் வெளியாக வேண்டுமென்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். 2025ஆம் ஆண்டுத் திருத்தமோ சொத்து விவரங்களை இணையத்தில் பதியுமாறு விதித்தது.

ஆகவே வள்ளூர் வட்டார ஜமாஅத்தார்களாகிய நாம், பள்ளிவாசல், கபரஸ்தான் நிலங்களின் புல எண்களை அவ்வேடுகளில் தேடிப் பிரதியெடுத்துப் பாதுகாப்போமாக. அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.